கடைசிக் கம்பம் எது?

தோழர்களே, டிவியைத் திட்டாத சிறுபத்திரிகை உண்டா? சீரியல் பெண்களைக் கெடுக்கிறது, சினிமா சாதியை வளர்க்கிறது. எல்லாம் சரிதான். அந்தப் பெட்டிக்கு வருகிற கம்பி எந்தத் தெருவில் நுழைகிறது, எந்தத் தெருவோடு நிற்கிறது, யார் கேட்டு இழுத்தார்கள் என்று மட்டும் யாரும் எழுதவில்லை. நானும்தான் எழுதவில்லை. கவிதை எழுதிக்கிட்டிருந்தேன்.

2006க்குப் பிறகு எங்க காலனிக்கு இலவசக் கலர் டிவி வந்தது. கம்பி வரவில்லை. ஊர்த்தெருவின் கடைசிக் கம்பத்தில், புளியமரத்துக்கு அந்தப் பக்கமே, சுருட்டிக் கட்டித் தொங்கவிட்டிருந்தான் கேபிள்காரன். கேட்டதற்கு, "அங்க வசூல் வராதுப்பா." அப்பா பஞ்சாயத்துத் தலைவரிடம் போனார். தனித்தொகுதி, நம்ம ஆள். அவர் சொன்னார்: "நான் என்ன மாமா பண்ணட்டும்? என்னக் கேட்டா இழுத்தான்?"

உண்மைதான். 1995இல் வந்த கேபிள் சட்டம் ஆபரேட்டரைப் பதிவுக்காகத் தலைமை அஞ்சலகத்துக்கு அனுப்பியது. ஊராட்சியோடு உட்கார்ந்து பேசு என்று சொல்லவில்லை. தெரு நம்முடையது, ஆனால் பேச்சு வேற எங்கேயோ.

அமெரிக்காவில் வேறு மாதிரி நடந்தது. தெருவில் கம்பி இழுக்கிறவன் நகராட்சியோடு ஆண்டுக்கணக்கு போட்டு ஒப்பந்தம் செய்தாக வேண்டும். 1984இல் வந்த சட்டப்படி கேபிள் வருமானத்தில் 5 சதம் வரை நகராட்சி கேட்கலாம். ஊர்மக்களுக்கும் பள்ளிக்கும் நகராட்சிக்கும் தனிச் சேனல் கேட்கலாம். இன்னொரு பிரிவும் உண்டு: ஒரு பகுதியில் குடியிருப்பவர்களின் வருமானத்தைக் காரணமாக்கி யாருக்கும் கேபிளை மறுக்கக்கூடாது, உரிமம் தருகிற உள்ளாட்சி அதை உறுதிசெய்ய வேண்டும். "வசூல் வராது" என்பதற்குச் சட்டத்திலேயே பதில்! அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பாகுபாட்டை அங்கே சிவப்புக்கோடு போடுவது என்பார்கள். 1930களில் கறுப்பர் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பாக்கி, கடன் கொடுக்க ஆகாத இடம் என்று குறித்தார்கள். அதிலிருந்து வந்த பெயர். என் தொழில்காரர்கள் செய்த வேலை. கவுண்டரில் உட்கார்ந்து கடன் மனுவில் முகவரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோடு தெரியும்.

"அமெரிக்காவை மெச்சுறியா?" என்று கிளம்பாதீர்கள். அங்கேயும் களவு உண்டு. ஜான்ஸ்டவுன் என்ற ஊரின் உரிமத்துக்காக மேயருக்கும் கவுன்சிலர்களுக்கும் லஞ்சம் கொடுத்ததாக டெலிபிராம்ப்டர் கம்பெனித் தலைவர் இர்விங் கான் 1971இல் தண்டிக்கப்பட்டார். உள்ளூர்ப் பெரிய மனிதர்களுக்குப் பங்கு கொடுத்து உரிமம் பிடித்த கம்பெனிகளும் உண்டு. ஆனாலும் லஞ்சம் எங்கே போகிறது பாருங்கள். அதிகாரம் இருக்கிற இடத்துக்குத்தான் போகும். எங்க தலைவருக்கு எவனும் ஒரு டீகூட வாங்கித் தரவில்லை.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? ஊர்ஊராகப் பேசுவது தொல்லை என்று மேசையையே மாநிலத் தலைநகருக்குத் தூக்கிப்போனார்கள். 2005இல் டெக்சாஸ், 2006இல் கலிபோர்னியா, அப்புறம் பல மாநிலங்கள். 2019இல் மத்திய தகவல் தொடர்பு ஆணையம், கம்பெனி இலவசமாகச் செய்து தருகிற சேவைகள் பலவற்றையும் அந்த 5 சதத்துக்குள்ளேயே கணக்கு வைக்கச் சொன்னது. ஊராட்சியிடம் பேரம் இருந்தால்தானே பிடுங்க முடியும்? நம்மிடம் பிடுங்க ஒன்றுமில்லை.

அரசு கேபிள் இல்லையா என்பீர்கள். 2007இல் தொடங்கி, 2011இல் மறுபடி உயிர்பெற்று, 70 ரூபாய்க்குத் தந்தது. நல்லது, வரவேற்றேன். அதுவும் சென்னையில் எடுத்த முடிவு. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றவர்களுக்கு அந்த நாற்காலியின் விலை தெரிந்திருந்தது. நாமோ நாற்காலி கிடைத்ததற்கு மாலை போட்டதோடு வீட்டுக்கு வந்துவிட்டோம். அதில் உட்கார்ந்து என்ன கேட்பது என்று ஒரு பயிற்சி முகாம் நடத்தினோமா?

இப்போது கண்ணாடியிழை. அதுவும் அதே தெரு, அதே கம்பம்தான். 2022 அக்டோபர் 2 கிராம சபையில் நாங்கள் ஏழு பேர் ஒரு மனு கொடுத்தோம். எந்தெந்தத் தெருவுக்கு, எந்தத் தேதிக்குள், கம்பத்துக்கு என்ன வாடகை, காலனிப் பள்ளிக்கு இணைப்பு உண்டா? எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி: கடைசிக் கம்பம் எது?

தலைவர் நின்றுகொண்டே வாங்கிப் படித்தார். தீர்மானமாகப் போடலாம் என்றார். சீல்தான் துணைத்தலைவர் வீட்டில் இருந்தது.