மூன்றாவது குளிசை



நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உட்கொள்ளும் குளிசைகளை நாம் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருக்கின்றோம். மனச்சோர்வுக்கான குளிசையோ அலுமாரியில், உடுப்புகளின் அடியில் ஒளித்து வைக்கப்படுகின்றது. விருந்தினர் கண்டுவிடுவார்களோ என்பது ஓர் அச்சம், "செபம் போதாதா?" என்று கேட்டுவிடுவார்களோ என்பது மற்றோர் அச்சம். இதனால் நேர்வது யாதெனில், நோயாளர் முதலாவது மருந்தை இரண்டு வாரம் உட்கொண்டு, பலனில்லையென எவரிடமும் சொல்லாமலே நிறுத்திவிடுகின்றார். வைத்தியரிடம் மீண்டும் போவதுமில்லை. இவ்வாரம் இதைப்பற்றி எழுதத் தூண்டியது அந்த மௌனமே.

இம்மருந்துகளின் தொல்லைகள் முதலில் வரும். பலன் பின்னரே வரும். குமட்டல், தலைவலி, உறக்கக் குழப்பம் ஆகியன முதல் நாள்களிலேயே தலைகாட்டலாம். மனம் தெளியத் தொடங்குவதற்கோ பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்கள் செல்லும்; முழுப் பலனை அறிய ஆறு, எட்டு வாரங்களும் ஆகலாம். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் எடுத்து ஒரு மணித்தியாலத்தில் வியர்த்து எழும்பிப் பழகிய நமக்கு இந்தக் காத்திருப்பு பெரும் சோதனையாகும். அதிலும், நம்பிக்கையிழப்பே நோயின் குணமாயிருக்கும் ஒருவரை நம்பிக்கையோடு காத்திருக்கச் சொல்வது எத்துணை கடினம்!

நானும் இவ்வழியில் நடந்தவன். நாற்பது வயதைக் கடந்த பின்னர், நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றி வந்த காலத்திலேயே, உள்ளே எல்லாம் வற்றிப்போயிருந்தது. அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு, உணவில் சுவையின்மை, திருப்புகழ்மாலையின் ஒரு வரியைப் பத்து முறை வாசித்தாலும் பொருள் மனத்தில் தங்காது. முதலாவது மருந்து குமட்டலையே தந்தது. அளவைக் கூட்டியும் ஆறு வாரத்தில் மாற்றமில்லை. இரண்டாவது உறக்கத்தைத் தந்தது. ஆனால் காலைத் திருப்பலியில் நாக்கு உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது மருந்தின் ஐந்தாவது வாரத்தில் ஒரு மாலை, கோவில் முற்றத்தில் சிறுவர்கள் கிளித்தட்டு விளையாடிச் சண்டையிடுவதைக் கேட்டுச் சிரித்தேன். பெருமகிழ்ச்சி ஒன்றுமல்ல. சிரித்தது நான்தானா என்று சற்று வியந்தேன், அவ்வளவே. அம்மருந்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எனக்குப் பொருந்தியது உங்களுக்கும் பொருந்தும் என்பதற்கு உறுதியில்லை. நம்மவர்களோ அயலவரின் துண்டைக் காட்டி மருந்து வாங்குவதில் வல்லவர்கள்!

எந்த மருந்து யாருக்குப் பொருந்தும் என முன்கூட்டியே உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இன்னும் இல்லை. இம்மருந்துகளின் தொடக்கமே தற்செயலானது. 1950களில் காசநோய்க்கெனக் கொடுக்கப்பட்ட இப்ரோனியசிட் நோயாளரின் மனத்தையும் எழுப்பியது. சுவிற்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்னும் வைத்தியர், வேறொரு மனநோய்க்குப் பரீட்சிக்கப்பட்ட இமிப்பிரமின் மனச்சோர்வுக்கு உதவுவதைக் கண்டு 1957இல் அறிவித்தார். 4,000 பேருக்கு மேல் பங்குகொண்டு 2006இல் முடிவுகள் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முதல் மருந்திலேயே ஏறக்குறைய முற்றாகத் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்கினரளவே. மருந்தை மாற்றிய பின்னரும், இன்னொன்றைச் சேர்த்த பின்னரும் வேறு சிலர் தேறினர். மொத்தத்தில் எத்தனை பேர் என்ற கணக்கை 2023இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்துரைத்தனர். எவ்வாறாயினும், முதல் மருந்து பொருந்தாமை நோயாளரின் குற்றமுமல்ல, விசுவாசக் குறைவுமல்ல.

இறைவாக்கினர் எலியாவை நினைவுகூருங்கள் (1 அரசர் 19). சூரைச்செடியின் அடியில் அவர் சாவை வேண்டினார். அதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. வானதூதர் தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் காட்டினார். உண்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். முதல் உணவு அவரை எழுப்பி நடத்தவில்லை. தூதர் இரண்டாம் முறையும் வந்தார். மறையுரை ஆற்றும் நாம் ஓரேபு மலையின் மெல்லிய ஒலிக்கு விரைந்து போய்விடுகின்றோம். இந்த இரண்டாம் வருகையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரமோ, நோயுற்றவர் மன்றாட வேண்டும் என்பதையும் வைத்தியருக்கு இடமளிக்க வேண்டும் என்பதையும் அடுத்தடுத்தே போதிக்கின்றது. அவற்றை எதிரெதிரே நிறுத்தியவர்கள் நாமே.

மனத்துயர் அனைத்துக்கும் மருந்து வேண்டுமென நான் கூறவில்லை. இழப்பின் துயரம் வேறு. இலேசான சோர்வுக்கு உளவள ஆலோசனையே போதுமாயிருக்கலாம். ஆயினும் மருந்து தொடங்கப்பட்டுவிட்டால், குடும்பத்தவர் அருகில் இருக்க வேண்டிய காலம் அந்த முதல் வாரங்களே. குறிப்பாக 25 வயதுக்குட்பட்ட சிலரிடம் அக்காலத்தில் தற்கொலை எண்ணம் கூடக்கூடும் என்பதால், அமைதியின்மையோ பதற்றமோ கண்டால் அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள். உறக்கம், உணவு, பேச்சு இவற்றில் கண்ட மாற்றங்களைக் கொப்பியொன்றில் திகதியிட்டுக் குறித்துச் செல்லுங்கள். மருந்தை மாற்றுவதா என்று முடிவுசெய்ய வைத்தியருக்கு அது பெரிதும் உதவும்.

தேறிய பின்னரும் குறைந்தது ஆறு மாதமாவது தொடருமாறு பொதுவாகக் கூறப்படும். நிறுத்துவதும் வைத்தியரின் சொற்படி படிப்படியாகவே. மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து ஒரே நாளில் மருந்தை நிறுத்த நினைப்பவர்களிடம், நேர்த்தியை வேறொன்றாக மாற்றிக்கொள்ளுமாறே சொல்லி வருகின்றேன். உயிரை மாய்க்கும் எண்ணம் எழுமாயின், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை இரவென்றும் பாராது அழையுங்கள். பங்கு இல்லத்தின் கதவையும் தட்டுங்கள்.