மூன்று மாதத்தில் முழு டெவலப்பர்

ஏ.எல் எழுதிவிட்டு கம்பஸ் கிடைக்கும்வரை வீட்டில் இருக்கிற பெடியள் பெட்டையளைக் குறிவைத்து வரும் கோர்ஸ் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்று மாதத்தில் புல் ஸ்டாக் டெவலப்பர். முடிவில் சேர்ட்டிபிக்கேற், வீட்டிலிருந்தே வேலை, டொலரில் சம்பளம். இப்போது அதோடு இன்னொரு வரியும் சேர்ந்திருக்கிறது: கோடிங் தெரியத் தேவையில்லை, ஏஐ எழுதித் தரும்.

மூன்று மாதத்தில் ஒரு வெப்சைட் செய்யப் பழகலாம், அதை நாங்கள் மறுக்கவில்லை. ஏஐயிடம் கேட்டால் ஒரு பின்னேரத்திலேயே செய்துவிடலாம். மென்பொருள் என்றால் புதிதாக எதையாவது எழுதித் தள்ளுவதுதான் என்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக் கொடுக்கிறார்களே, அதோடுதான் எங்களுக்குச் சண்டை. எழுதுவதற்கு இன்றைக்கு ஆள் பஞ்சம் கிடையாது. ஏற்கெனவே எழுதிக் கிடப்பதை வாசிக்கவும் திருத்தவும் பார்த்துக்கொள்ளவும்தான் ஆள் இல்லை.

2016 மார்ச் 22 அன்று நடந்ததைப் பாருங்கள். அஸெர் கோச்சுலு என்ற நிரலாளருக்கும் என்.பி.எம் நிறுவனத்துக்கும் ஒரு பக்கேஜின் பெயரில் தகராறு வந்தது. அந்த மனிசன் கோவத்தில் தன்னுடைய பக்கேஜ்களை எல்லாம் எடுத்துவிட்டார். அதில் ஒன்று லெப்ட்-பாட். வெறும் 11 வரி. ஒரு சொல்லுக்கு முன்னால் வெற்றிடம் போட்டு நீளத்தைச் சரிசெய்யும், வேறு ஒன்றும் செய்யாது. அது இல்லாமல் போனதும் பேபல், ரியக்ட் போன்றவற்றை நம்பியிருந்த உலகம் முழுக்கப் பரந்த வேலைகள் நின்றுபோயின. தாங்கள் லெப்ட்-பாட்டைப் பாவிக்கிறோம் என்பதே பலருக்கு அன்றைக்குத்தான் தெரியும். நாங்கள் ஒரு பக்கேஜைக் கூப்பிட, அது பத்தைக் கூப்பிட, அவை நூறைக் கூப்பிடும். யாரும் திறந்து பார்ப்பதில்லை.

திறந்து பார்த்திருந்தால் எங்கட ஆக்களுக்கு இன்னொன்றும் பட்டிருக்கும். அந்த 11 வரியும் சொல்லின் நீளத்தைக் கணினி எண்ணுகிற மாதிரியே எண்ணும். 'கொடி' எங்களுக்கு இரண்டு எழுத்து. ஜாவாஸ்கிரிப்டிடம் கேட்டால் நான்கு என்று சொல்லும், ஏனென்றால் அது உயிர்க்குறிகளைத் தனித்தனியாக எண்ணுகிறது. தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிற எத்தனை படிவங்களைப் பார்த்துச் சலித்திருக்கிறோம்! ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. நாங்கள் வாசிக்காவிட்டால் அது அப்படியே கிடக்கும்.

லெப்ட்-பாட் ஒரு பகிடி என்று விட்டுவிடலாம். எக்ஸ்.இசட் அப்படி இல்லை. கோப்புகளைச் சுருக்கும் சின்னக் கருவி, பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் இருக்கிறது. அதைப் பல வருடமாக லாஸே கொலின் என்ற ஒருவர் தன் ஓய்வு நேரத்தில், சம்பளமில்லாமல் பார்த்துக்கொண்டு வந்தார். 2021இல் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். 2022இல் முன்பின் தெரியாத பெயர்களில் சிலர் வந்து "ஏன் இவ்வளவு சுணக்கம், வேற ஆளிட்ட குடுங்கோவன்" என்ற தொனியில் கொலினை நெருக்கினார்கள். தனக்கு மனநலச் சிக்கல் இருப்பதையும், இது காசு வராத பொழுதுபோக்கு வேலை என்பதையும் அவர் வெளிப்படையாகவே எழுதினார். கடைசியில் பொறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஜியா டானின் கைக்குப் போனது. 2024இன் தொடக்கத்தில் வந்த பதிப்புகளில் கள்ளக்கதவு இருந்தது. தொலைவிலிருந்து சேர்வர்களுக்குள் நுழைகிற வழியையே திறந்துவிடக்கூடிய கதவு.

அதைப் பிடித்தது பாதுகாப்புக் கொம்பனி ஒன்றும் இல்லை. மைக்ரோசொவ்ற்றில் வேலை செய்யும் அந்திரஸ் பிரோய்ன்ட் வேறு ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது, லொகின் ஆவதற்கு வழமையைவிட அரை செக்கன் கூடப் பிடிப்பதைக் கவனித்தார். 'சரி, இன்ரநெற் ஸ்லோ' என்று விடாமல் தோண்டிக்கொண்டு போனார். மார்ச் 29ஆம் திகதி அறிவித்தார். அப்போது அந்தப் பதிப்பு பெரும்பாலும் பரிசோதனை வெளியீடுகளுக்குத்தான் போயிருந்தது. ஜியா டான் யாரென்று இன்றுவரை தெரியாது.

இதில் எந்தப் பாடத்தை அந்த மூன்று மாதக் கோர்ஸ் படிப்பிக்கும்? அரை செக்கனைச் சந்தேகப்படவா?

ஏஐ வந்தபிறகு இது இன்னும் மோசம். 2025 பெப்ரவரியில் அந்திரே கர்பாத்தி 'வைப் கோடிங்' என்று ஒரு பெயர் வைத்தார்: கோட் என்று ஒன்று இருப்பதையே மறந்து, சொல்லச் சொல்ல ஏஐ எழுதட்டும் என்று விடுவது. அவர் அதைச் சொன்னது வார இறுதியில் செய்து எறிகிற விளையாட்டு வேலைகளுக்கு. எங்கட விளம்பரக்காரர் அதையே தொழில் ஆக்கிவிட்டார்கள். ஏஐ சிலவேளை இல்லாத பக்கேஜின் பெயரைக்கூட உறுதியாகச் சொல்லும். களவு செய்கிறவன் அந்தப் பெயரிலேயே ஒன்றைப் பதிந்து வைத்துக் காத்திருக்கலாம். வாசிக்காமல் ஒட்டுகிறவர் அதைத் தன் கையாலேயே உள்ளே விடுவார். இன்னொரு பக்கம், கேர்ல் கருவியைப் பராமரிக்கும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதிய போலிப் பாதுகாப்பு முறைப்பாடுகளை வாசித்தே தங்கள் நேரம் போகிறது என்று பகிரங்கமாகச் சலித்துக்கொண்டார். எழுதுவதற்கு ஒரு நிமிடம், பொய் என்று கண்டுபிடிக்க அரை நாள்.

"2022இல பெற்றோலுக்கு லைனில நிண்ட நாட்டில, காசு வராத வேலையைப் பாக்கச் சொல்லுறியளோ?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இலவசமாகச் செய்யுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. 2014இல் ஹார்ட்பிளீட் வந்து இணையத்தின் பாதியையே பயமுறுத்தியபோது, ஓப்பன் எஸ்.எஸ்.எல்லுக்கு வருடத்துக்குக் கிடைத்த நன்கொடை சுமார் 2000 டொலர்தான் என்று தெரியவந்தது. அதை வைத்து உழைத்த கொம்பனிகளின் கணக்கில் எத்தனை சைபர் இருந்தன என்று நீங்களே யோசியுங்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற கொம்பனிகளும் அதே ஓசிச் சாமானை வைத்துத்தான் பில் போடுகின்றன. கிழமைக்கு அரை நாளை, தாங்கள் பாவிக்கிற ஒரு லைப்ரரியின் பக் திருத்த வேலைக்காரருக்குச் சம்பளத்தோடு விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

இது இந்த நாட்டுக்குப் புதினமும் இல்லை. 2004 சுனாமி அடித்த கையோடு இலங்கைத் தன்னார்வலர்கள் கூடி, காணாமல் போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிய 'சஹானா'வை எழுதினார்கள். 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும் 2010 ஹெயிட்டி பூகம்பத்திலும் அது பயன்பட்டது. எழுதிவிட்டுப் போயிருந்தால் அது ஹெயிட்டிவரை போயிருக்காது. யாரோ வருடக்கணக்காக இருந்து திருத்தியிருக்கிறார்கள்.

அடுத்த முறை யாராவது கோர்ஸ் நோட்டீஸைக் கையில் தந்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "சேர், வேற ஆக்கள் எழுதின பழைய புரொஜெக்ற் ஒண்டைத் திறந்து, அதில இருக்கிற பக் ஒண்டைக் கண்டுபிடிச்சுத் திருத்தி அனுப்ப இந்த மூண்டு மாசத்தில ஒரு நாளாவது இருக்குதா?" இல்லை என்றால் பேசாமல் வீட்டுக்கு வாங்கோ. அந்தப் பீஸ் காசுக்கு ஒரு வருடத்துக்கு டேட்டா போடலாம், ரெப்போக்கள் எல்லாம் சும்மாதான் திறந்து கிடக்கின்றன.