வாசலிலேயே பெயர் கேட்பதா?

சாதாரண தரப் பிள்ளையொன்று கடந்தகால வினாத்தாள் பார்க்க உம்மாவின் போனை வாங்கிக்கொண்டு இணையத்தளத்துக்குப் போகிறது. எதையும் வாசிக்க முன்னரே திரையை மறைத்து ஒரு பெட்டி: "பதிவு செய்க". "உள்நுழைக" என்பது அடியில், மங்கலான சிறிய எழுத்தில். ஏற்கெனவே கணக்கிருக்கும் பிள்ளை அதைக் காணாமல் மூன்றாம் தடவையும் புதுக்கணக்குத் திறக்கிறது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம்! ஆள்பிடிப்பு என்று நேராகச் சொன்னால் என்ன?

விக்கிப்பீடியாவைப் பாருங்கள். கணக்கில்லாமலே முழுவதும் வாசிக்கலாம். கணினியில் இரண்டு இணைப்புகளும் மேல் மூலையில் பக்கத்துப் பக்கத்தில் சும்மா இருக்கின்றன. தேவையானவர் அழுத்துவார்.

"பதிவில்லாமல் வியாபாரம் எப்படி?" என்பவர்களுக்கு: பெரிய விற்பனைத் தளமொன்று, காசு கட்டும் இடத்தில் இருந்த "பதிவு செய்க" பொத்தானை எடுத்துவிட்டு "தொடர்க" என்று வைத்தது. வாங்கியவர்கள் 45% கூடினார்கள். முதல் வருடத்தில் மேலதிகமாக 300 மில்லியன் டொலர். ஜாரெட் ஸ்பூல் 2009இல் எழுதியது, தேடிப் பாருங்கள்.

கணக்கே வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளை பரீட்சை செய்து புள்ளியைச் சேமிக்கப் போகிறதா, அந்த இடத்தில் வைத்துக் கேளுங்கள். வினாத்தாளைத் திறந்து பார்க்க உம்மாவின் தொலைபேசி இலக்கம் எதற்கு?