பத்தா, நூறா என்று கேட்க யாருக்கு முடியும்?

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம். இந்த ஐந்தையும் செவிலியர் மாணவிகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

இன்சுலினைப் பாருங்கள். மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு விதக் குப்பிகள் இங்கே புழங்குகின்றன. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. மாற்றி, 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். உயிரே போகலாம். மருத்துவர் யூனிட்டுக்குக் கிறுக்கும் ‘யு’ சுழியமாகத் தெரிந்தால் 10 என்பது 100 ஆகிவிடும்.

சந்தேகம் வந்தால் கேள் என்கிறது பாடநூல். என் ஆய்வுக்காகப் பேசிய தலித் மாணவி ஒருவர் கேட்டார். “கோட்டாவில் வந்தால் இப்படித்தான்” என்று வார்டிலேயே பதில் வந்தது. அதன்பின் அவர் மருத்துவரிடம் எதையும் கேட்பதில்லை. மூத்த சிஸ்டர் இருந்தால் காதோடு கேட்டுக்கொள்கிறார். சிஸ்டர் இல்லாத இரவுகளும் உண்டே!

ஆங்கிலம் போதாது என்று மாணவிமேல் பழி போடுவது எளிது. சாதிப் பேச்சால் வாயடைக்கப்பட்ட செவிலியரின் கையில்தான் நோயாளியின் சிரிஞ்சு இருக்கிறது. எனவே அந்தப் பேச்சையும் மருந்துப் பிழைப் பதிவேட்டிலேயே எழுத வேண்டும், பேசியவர் பெயரோடு.