தூசியும் தும்மலும்

ஒற்றைத் தும்மல் தடை, இரட்டைத் தும்மல் நலம் என்று சகுனம் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காலையில் கண்விழித்ததும் தொடர்ந்தாற்போல் பதினைந்து தும்மல் போடும் எனக்கு என்ன பலன் சொல்வார்களோ, அறியேன். முதல் தும்மலுக்கு என் பாட்டி "நூறு" என்று வாழ்த்துவாள், அடுத்ததற்கு "இருநூறு". ஐந்நூறைத் தாண்டியதும் வாழ்த்துவதை விட்டுவிட்டு வெந்நீர் வைக்கப் போய்விடுவாள். விடுதியில் வாழ்த்துவார் இல்லை. "தும்மல் திலகம்" என்ற பட்டம்தான் கிடைத்தது.

பட்டத்தை நானும் சிரித்துக்கொண்டே ஏற்றேன். ஆனால் நண்பர்களே, பகலில் தும்மலாக இருப்பது இரவில் இழுப்பாக மாறும்போது சிரிப்பதற்கு மூச்சு மிச்சமிருப்பதில்லை. அதைப்பற்றி ஆண்டு மலரில் எழுதப்போகிறேன் என்றதும், "மலரில் மகரந்தம் பற்றி எழுதுவது பொருத்தந்தான்" என்று தமிழ்த்துறை நண்பர் ஒருவர் கேலி செய்தார். என் பகை மகரந்தம் அன்று, அறைத் தூசி.

இந்நோய்க்கு ஒவ்வாமை என்று பெயர். 'அலர்ஜி' என்ற சொல்லை 1906ஆம் ஆண்டில் வியன்னாவைச் சேர்ந்த கிளெமென்ஸ் வான் பிர்கே என்னும் மருத்துவர் படைத்தார். பிறருக்கு ஒன்றும் செய்யாத பொருளைச் சிலர் உடல் மட்டும் பகையென்று கருதிப் போர் தொடுக்கிறது. வாசலில் நிற்கும் விருந்தாளியைத் திருடன் என்று அடித்துவிடும் காவல்காரனைப் போன்றது என் மூக்கு.

தூசியில் அப்படி என்னதான் இருக்கிறது? 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டனர். தூசிக்குள் வாழும் ஓர் உண்ணியே முதன்மையான காரணம் என்றனர். எட்டுக் கால், சிலந்தியின் உறவு, ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளம். நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்கு உணவு. அறிவியல் பெயருக்கே 'தோல் தின்னி' என்று பொருள். விலங்கியல் மாணவனாகிய நான் இதைப் படித்துவிட்டு என் தலையணையை ஒரு நிமிடம் மரியாதையோடு பார்த்தேன்.

அது இலவம்பஞ்சுத் தலையணை. பாட்டி கொடுத்தனுப்பியது. இரண்டு ஆண்டுகளாக உறையைத் துவைத்திருக்கிறேனே தவிர, தலையணையை வெயிலில் போட்டதில்லை. உண்ணி தண்ணீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உறிஞ்சியே பிழைக்கிறது. ஆகவே நன்றாகக் காய்ந்தால் மடியும். ஆனால் உண்ணி செத்துவிட்டால் போதாது. மூக்கைத் தாக்குவது பெரும்பாலும் அதன் எச்சம். அது பஞ்சிலேயே தங்கிவிடும். எனவே வெயிலில் காயவைத்தபின் வெளியில் வைத்துத் தட்ட வேண்டும். விரிப்பையும் உறையையும் 55 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் துவைக்க வேண்டும். தட்டுகிற வேலையை நோயாளி செய்யக்கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று மாலை முழுவதும் கண் சிவந்து, யாரோ இறந்துவிட்டதுபோல் உட்கார்ந்திருந்தேன்.

இதோடு தீர்ந்ததா என்றால், இல்லை. உண்ணி புகாத உறையை மெத்தைக்கு மாட்டினால் போதும் என்று விற்பவர்கள் சொல்லலாம். 2003இல் பிரிட்டனில் ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் 1,122 பேரிடம் சோதித்துப் பார்த்தபோது, உறை மட்டும் தனியாகப் பயன் தரவில்லை என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வு, அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 குழந்தைகளின் வீடுகளில் உண்ணி, கரப்பான், பூஞ்சை, புகை என்று அவரவர்க்கு ஒவ்வாதவற்றையெல்லாம் சேர்த்துக் குறைத்துப் பார்த்தது. அங்கே நோய்த் தொல்லை குறைந்தது. என் கட்சிக்கு இதுவே ஆதாரம். ஒருவன் தன் கட்டிலை மட்டும் சுத்தமாக வைத்துக்கொண்டு பிழைத்துவிட முடியாது. நால்வர் தங்கும் அறையில் பெட்டிக்குப் பூட்டு உண்டு. காற்றுக்குப் பூட்டு ஏது?

கொசுவர்த்திக்கு வருகிறேன். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் எரிந்து முடியும்போது 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்கு நுண்துகள் வெளிவருவதாகக் கண்டார்கள். எங்கள் அறையில் சன்னலை அடைத்துவிட்டு இரவுக்கு இரண்டு சுருள் ஏற்றுவோம். அறையில் யாருக்கும் சிகரெட் பழக்கம் இல்லை என்று பெருமையும் பேசிக்கொள்வோம்! தூசி, கிளறினால் எழுந்து அரைமணியில் பெரும்பாலும் படிந்துவிடும். நுண்புகையோ இரவெல்லாம் மிதக்கும்.

"எனக்காகச் சுருள் வேண்டாம்" என்று கேட்டேன். "உனக்குத் தும்மல், எங்களுக்கு டெங்கு வந்தால் பரவாயில்லையா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான், எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டிலை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு இரண்டு மாதம் அங்கேயே படுத்தேன். மழை தொடங்கியதும் உள்ளே வந்தேன். மூன்றாம் நாள் இரவு, விடிந்தால் பருவத் தேர்வு, மூச்சு நின்றுவிடும் போலாயிற்று. சுருள் ஏற்றியவனே என்னை முதுகில் சுமந்து படியிறங்கினான். மருத்துவமனையில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தபோது, அவன் கட்டிலருகே நின்று அழுதான். தேர்வு இருவருக்கும் போயிற்று.

இப்போது எங்கள் அறையில் நான்கு கொசுவலைகள் தொங்குகின்றன. பார்ப்பதற்கு மீன்பிடி துறைமுகம்போல் இருக்கிறது. சன்னல் திறந்திருக்கிறது. என் உறிஞ்சுமருந்து எந்த இழுப்பறையில் இருக்கிறது என்பதை நால்வரும் அறிவோம். தும்மல் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

நூலகத்தைப்பற்றி அதிகம் எழுதமாட்டேன். நூலகர் ஐயா எனக்கு வேண்டியவர். பின்சுவர் அலமாரியில் கசிவால் பூத்திருக்கும் பூஞ்சையைப் பழுதுபார்க்காமல், மேலே வெள்ளையடிப்பது மருந்தாகாது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

மிகப் பெரிய குறை, நாம் பெருக்கும் முறை. ஊரில் வாசல் பெருக்கும் எந்தப் பெண்ணும் முதலில் தண்ணீர் தெளிப்பாள். தூசி எழக்கூடாது என்ற அறிவு நம் வாசலிலேயே இருக்கிறது. அது ஏனோ விடுதிப் படியேறவில்லை. காலை ஏழு மணிக்கு, நாங்கள் உள்ளே படித்துக்கொண்டிருக்கும்போதே, உலர்ந்த துடைப்பம் வரும். அறைக்குள் ஒரு மேகம் எழும். முற்பகலில் நாங்கள் வகுப்புக்குப் போனபின் ஈரத்துணியால் துடைத்தால் பாதித் தொல்லை தீரும் என்பது என் துணிபு.

இதைப் பெருக்கவரும் அம்மாவிடமே சொன்னேன். புடவைத் தலைப்பால் மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார். எனக்கு முன்பே அவர் இருமத் தொடங்கிவிட்டார்.

"ஈரத்துணி போட்டுத் தொடைக்கறது எனக்குத் தெரியாதா தம்பி? மாடிக் குழாயத் தெறந்தா காத்துதான் வருது. கீழேருந்து ஒரு வாளி தூக்கினாலே இடுப்பு விட்டுப்போவுது. பதினாலு ரூமு இருக்கு. எத்தனை வாளின்னு நீயே கணக்குப் போடு" என்றார்.

போட்டேன். இரண்டு அறைக்கு ஒரு வாளி என்றாலும் ஏழு வாளி. ஒவ்வொன்றுக்கும் நாற்பத்திரண்டு படி. இத்தனை நாளும் துடைப்பத்தின்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். மாடிக் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றித்தர வேண்டும் என்று விடுதிக் காப்பாளர் அவர்களுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். இதுவரை 61 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். மனு எட்டாம் எண் அறையில், நான்காவது கொசுவலைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறேன்.