மும்மொழிக் கல் வாய் திறக்கட்டும்!

கொழும்புத் தேசிய நூதனசாலையிலே ஒரு கல் நிற்கிறது. 1911ஆம் ஆண்டில் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்ட கல் அது. சீனப் பேரரசின் கடற்றளபதி செங் ஹேயின் பெயரோடு இணைந்த அக்கல்வெட்டு 1409ஆம் ஆண்டுக்குரியது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழிகளும் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. சீன மொழி புத்தபிரானையும், தமிழ் மொழி தெய்வேந்திரமுனையிற் கோயில்கொண்ட தெனாவரை நாயனாரையும், பாரசீகம் அல்லாஹ்வையும் போற்றுகின்றன. இத்தீவோடு பேசத் தமிழும் வேண்டும் என்பதை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே அந்நியப் பேரரசு ஒன்று உணர்ந்திருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆயினும், எழுத்துத் தேய்ந்த அக்கல்லைக் கண்ணாற் கண்டு மட்டும் ஒரு சிறுவன் எதனை அறிவான்? கண்ணொளி இழந்தவர் எதனைக் காண்பார்? அக்கல்லின் படியொன்றை வார்த்து வைத்தால், அதன் உச்சியிலுள்ள டிராகன் உருவங்களையும் எழுத்துகளையும் விரல்களே படிக்கும். மும்மொழி வாசகங்களையும் வாசித்து ஒலிக்கச் செய்து, தமிழிலும் சிங்களத்திலும் பொருள் கூறினால் செவி அறியும். காணிக்கைப் பட்டியலிலே பொன்னும் வெள்ளியும் மட்டுமல்ல, பட்டும் நறுமண எண்ணெயும் உள்ளன. பட்டைத் தொடவும் நறுமணத்தை நுகரவும் வழிசெய்தால், பட்டியல் உயிர்பெறும்.

இஃது ஆடம்பரம் என்பார் உளர். இங்கிலாந்தின் யோர்க் நகரிலே, 1984இல் திறக்கப்பட்ட யோர்விக் காட்சிச்சாலை பழைய நகரின் வாடையையே மக்களுக்கு உணர்த்தியது. மட்ரிட்டின் பிராடோ காட்சிச்சாலை 2015இல் ஓவியங்களைத் தொட்டறியும் வடிவிலே படைத்தது. தொட்டாற் கல் தேயும் என்பார்க்கு விடை எளிது: மூலக்கல் காவலில் இருக்கட்டும், படியைத் தொடட்டும்.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. தமிழும் அரசகரும மொழி என 1987இன் பதின்மூன்றாவது திருத்தம் விதித்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 30ஆம் உறுப்புரை அவர்கள் நூதனசாலைகளை அணுகும் உரிமையைக் கூறுகிறது. ஆகவே நாம் கேட்பது சலுகையன்று, உரிமை.

களனி கங்கை கடலொடு கலக்கும் முகத்துவாரத்திலே தமிழும் சிங்களமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. இத்தெருப் பிள்ளைகள் நூதனசாலை சென்று, தம் மொழி இந்நாட்டு வரலாற்றின் விருந்தினனன்று, வீட்டுக்காரன் என்பதைக் காதாரக் கேட்கட்டும்; கையாரத் தொட்டறியட்டும். ஒரு படிக்கும் ஒரு குரலுக்கும் ஆகும் செலவு பெரிதன்று. வேண்டுவது மனம் ஒன்றே!