ஒத்திகையே இல்லாமல் விடிய விடிய நாடகம்: தூத்துக்குடிக்காரர் எழுதிய ‘ஸ்கிரிப்ட்’ இன்றும் ஓடுவது எப்படி?

மதுரை, புதுக்கோட்டை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்துக்கு இன்றும் மேடை உண்டு. முருகன் வேடக்காரர் ஓர் ஊர், வள்ளி இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. சில நேரம் இருவரும் முதல்முறை சந்திப்பதே அன்றைய இரவுதான். ஆனாலும் விடியும்வரை நாடகம் பிசகாமல் போகும். காரணம், சங்கரதாஸ் சுவாமிகள்.

யார் இவர்?

தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்தவர். முத்துக்கும் உப்புக்கும் பேர்போன துறைமுக நகரில், உப்பு நிறுவனத்தில் கணக்கு எழுதினார். 24 வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்துட்டார். எமன், இரணியன், ராவணன் வேடங்களில் மிரட்டியவர், பிறகு நாடகாசிரியரானார். இன்றைய பேச்சில் சொன்னால் ரைட்டர் கம் டைரக்டர். ‘பவளக்கொடி’ உட்பட 40-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதினார். 1922-ல் புதுச்சேரியில் காலமானார்.

என்ன செய்தார்?

வாய்க்கு வந்ததைப் பேசும் வழக்கம் இருந்த மேடைக்கு, பாட்டும் வசனமும் வரிசையாக எழுதிக் கொடுத்தார். 1918-ல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ‘தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா’வைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். இதுபோன்ற பாய்ஸ் கம்பெனிகளில் இருந்துதான் எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பின்னாளில் வந்தார்கள்.

இப்போது ஏன் முக்கியம்?

கம்பெனிகள் மறைந்தன, ஸ்கிரிப்ட் நின்றது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக புக் பண்ணி, ஒரே இரவுக்கு ஒன்று சேர்க்கிறார்கள். இதுதான் ‘ஸ்பெஷல் நாடகம்’. எல்லோருக்கும் ஒரே பாடம் மனப்பாடம் என்பதால் இது சாத்தியம். நாரதர் – வள்ளி தர்க்கத்தில் அவரவர் சாமர்த்தியத்துக்குப் புகுந்து விளையாடலாம்.

சிக்கல் எங்கே?

கம்பெனி இல்லையென்றால் மாதச் சம்பளமும் இல்லை. நாடகம் நடந்தால்தான் காசு. டெலிவரி ஊழியர்களின் நிலை மாதிரிதான். 2020 ஊரடங்கு சரியாகத் திருவிழா சீசனில் வந்து, ஆண்டின் முக்கிய வருமானத்தையே பறித்தது.

2019 நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணியே சுவாமிகளின் பெயரில் போட்டியிட்டது. சினிமாவில் அவர் பெயருக்கு அவ்வளவு மவுசு. அவர் வசனத்தைப் பேசிப் பிழைப்பவர்களுக்கோ, சீசன் முடிந்த பிறகு என்ன வருமானம் என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது.